இல்லினாய் ஜாமீன் சேவை: கேட்டவருக்குக் கிடைக்கிறது

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2023 செப்டம்பர் 18 முதல், கைதானவரை வெளியே எடுக்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. கட்ட நினைத்தாலும் முடியாது. மாநிலக் கோர்ட்டுகளில் பண ஜாமீன் என்ற ஏற்பாட்டையே சட்டம் எடுத்துவிட்டது. 50 மாநிலங்களில் இதை முழுமையாகச் செய்த முதல் மாநிலம் இதுதான். சிகாகோ, நேப்பர்வில், ஷாம்பர்க் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. படிக்க வந்த பிள்ளைகள், ஆறு மாதம் தங்கிப் போக வந்த பெற்றோர் எல்லோரும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வாழ்கிறார்கள். ஆனால் பாதிப் பேருக்கு இன்னும் சினிமாவில் பார்த்த ஜாமீன்தான் தெரியும்.

இங்கே அந்தச் சட்டத்தை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு மதிப்பிடுகிறோம். ஸ்டேஷனுக்குள் கால் வைத்த நிமிடத்திலிருந்து வழக்கு முடியும்வரை சட்டம் கைதானவருக்கு என்னென்ன தருவதாகச் சொல்கிறது? அதில் எது தானாக வந்து சேர்கிறது, எதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது? முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் 48 மணி நேரத்துக்கு ஐந்துக்கு நாலரை தரலாம். அதற்குப் பிறகு வரும் மாதங்களுக்கு மூன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. சட்டத்தின் வாசகம் இரண்டு இடத்திலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு நாளில் எல்லாம் மணிக்கணக்கில் கெடு வைத்து நடக்கிறது. பிறகு வரும் உரிமைகள் யாராவது ஞாபகம் வைத்துக் கேட்டால்தான் நடக்கின்றன. அழுத பிள்ளைக்குத்தான் பால்.

பழைய ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டால்தான் புதியதன் அருமை புரியும். ஜாமீன் வியாபாரிகளை இல்லினாய் 1963-லேயே தடை செய்துவிட்டது. அதற்குப் பதிலாக 'டி-பாண்ட்' என்ற முறை இருந்தது. நீதிபதி 10,000 டாலர் என்று சொன்னால் 10 சதவீதம், அதாவது 1,000 டாலரைக் கோர்ட் கிளார்க்கிடம் கட்ட வேண்டும். வழக்கு முடிந்ததும் அந்த ஆயிரத்தில் 100 டாலரைச் செலவுக்கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். மிச்சமும் பெரும்பாலும் அபராதத்துக்கோ வக்கீல் பீஸுக்கோ போய்விடும். இவ்வளவும் ஆயிரம் டாலர் கையில் இருந்தவருக்கு. இல்லாதவர் உள்ளேயே கிடந்தார். ஒரே குற்றச்சாட்டு, ஒரே தொகை. ஒருவர் மாலையில் வீட்டில் சாப்பிட்டார், இன்னொருவர் மூன்று வாரம் உள்ளே இருந்து வேலையை இழந்தார். யார் ஆபத்தானவர் என்ற கேள்விக்கும் அந்தத் தொகைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுதான் அதில் இருந்த அநியாயம்.

சட்டத்தில் ஆளுநர் பிரிட்ஸ்கர் 2021 பிப்ரவரி 22 அன்று கையெழுத்திட்டார். 2023 ஜனவரி 1-ல் அமலாக வேண்டியது. கங்ககீ கவுன்டியின் (கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) நீதிபதி ஒருவர் அது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தீர்ப்பளிக்க, மாநில உச்ச நீதிமன்றம் அமலைக் கடைசி நாளில் நிறுத்தி வைத்தது. 'ரோ எதிர் ரவுல்' வழக்கில் 2023 ஜூலை 18 அன்று 5-2 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. மாநில அரசியல் சாசனத்தில் 'போதிய பிணை' என்றுதான் இருக்கிறது, பணம் என்று எங்கும் இல்லை என்பது தலைமை நீதிபதி மேரி ஜேன் தீஸ் எழுதிய அந்தத் தீர்ப்பின் மையம். தீர்ப்பு வந்து இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 18 அன்று, சட்டம் நடைமுறைக்கு வந்தது.

முதல் மூன்று மணி நேரம்

இந்தச் சேவையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது. காவலில் கொண்டுவந்து வைத்த முதல் இடத்தை அடைந்ததிலிருந்து 3 மணி நேரத்துக்குள் 3 போன் செய்ய அனுமதிக்க வேண்டும். வேறு இடத்துக்கு மாற்றினால் இந்த உரிமை அங்கே புதிதாகத் தொடங்கும். இன்னொரு சின்ன விஷயத்தையும் யாரோ நன்றாக யோசித்துச் சேர்த்திருக்கிறார்கள்: கைப்பேசியைப் பொருள் பட்டியலில் சேர்த்துப் பூட்டி வைப்பதற்கு முன், அதிலிருந்து நம்பர்களைக் குறித்துக்கொள்ள விட வேண்டும். இன்றைக்குக் கட்டிய மனைவியின் நம்பரே யாருக்கும் மனப்பாடம் கிடையாது. இந்த வரி இல்லையென்றால் மூன்று போன் என்ற உரிமை வெறும் காகிதம்தான்.

தவறு நடப்பது மறுமுனையில். ஸ்டேஷனிலிருந்து வருவது தெரியாத நம்பராக இருக்கும். ஸ்பேம் என்று நினைத்து வீட்டில் எடுப்பதில்லை. அதனால் முதல் அழைப்பில் வாய்ஸ்மெயில் விழுந்தால் ஊர்ப்பெயர், ஸ்டேஷன் பெயர், 'வக்கீலைக் கூப்பிடு' ஆகிய மூன்றை மட்டும் சொல்லிவிட்டு, அதே நம்பருக்கே உடனே இரண்டாவது முறை அடிப்பது நல்லது. என்ன நடந்தது என்று விவரிக்கக் கூடாது. காவலில் இருந்து செய்யும் போன் பதிவாகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சின்ன வழக்குகள் இந்தக் கட்டத்தைக்கூடத் தொடுவதில்லை. போக்குவரத்துக் குற்றங்களுக்கும் 'கிளாஸ் பி', 'கிளாஸ் சி' வகைச் சிறுகுற்றங்களுக்கும் கைது செய்யாமல் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது பொது விதி. ஆபத்து, அடையாளம் தெரியாமை போன்ற விலக்குகள் உண்டு. கடையில் 300 டாலருக்குள் முதல் முறை பொருள் எடுத்தது போன்ற, சிறுகுற்றங்களிலேயே பெரிய வகையான 'கிளாஸ் ஏ' குற்றங்களில், நீதிபதி முன் கொண்டுபோகாமலே போலீஸ் விடுவிக்கலாம். அப்படி விடும்போது 21 நாளுக்குள் ஆஜராகச் சொல்லி சம்மன் தருவார்கள். அந்தத் தாளை அபராதச் சீட்டு என்று நினைத்துக் காரின் டாஷ்போர்டில் போட்டு மறப்பதில்தான் பாதி வாரண்டுகள் பிறக்கின்றன. தாளின் மேல்பக்கத்தில் தேதி, நேரம், கோர்ட் அறை எண் மூன்றும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிட வேண்டும்.

இங்கேயே ஒரு மோசடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒரு போன் வரும்: 'உங்க மகன் ஆக்ஸிடென்ட் பண்ணி உள்ள இருக்கார், ஜாமீனுக்கு உடனே 8,000 டாலர் அனுப்புங்க.' இல்லினாய் மாநில வழக்குக்கு ஜாமீன் பணம் என்று யார் கேட்டாலும் அது பொய். விசாரிக்கவே வேண்டாம், வைத்துவிடலாம். பெற்றோரிடம் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லி வைத்தால் போதும்.

நீதிபதி முன் முதல் தடவை

காவலில் வைக்கக்கூடிய குற்றச்சாட்டு என்றால் 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். இங்கே சட்டத்தின் தொடக்க நிலை விடுதலை. அதாவது, 'ஏன் விட வேண்டும்' என்று கைதானவர் நிரூபிக்க வேண்டியதில்லை. 'ஏன் விடக் கூடாது' என்று அரசு வக்கீல்தான் நிரூபிக்க வேண்டும். அவர் எழுத்துமூலம் மனுப் போடாவிட்டால் விசாரணைக் காவல் கிடையாது. எல்லாக் குற்றத்துக்கும் மனுப் போடவும் முடியாது. சட்டத்தில் பட்டியல் இருக்கிறது: தண்டனையில் நன்னடத்தைக் கண்காணிப்புக்கு வழியில்லாத ஃபெலனிகள் (பெருங்குற்றங்கள்), வன்முறை ஃபெலனிகள், குடும்ப வன்முறை, பாலியல் குற்றங்கள், பின்தொடர்ந்து தொல்லை தருவது, துப்பாக்கிக் குற்றங்கள் போன்றவை. வேண்டுமென்றே தலைமறைவாகும் வாய்ப்பு அதிகம் என்ற காரணமும் உண்டு. ஆனால் அது மிகக் கீழ்நிலையான 'கிளாஸ் 4' ஃபெலனிக்குப் பொதுவாகப் பொருந்தாது. எப்போதோ ஒரு வாய்தாவுக்கு வராதது மட்டும் தலைமறைவாகும் எண்ணத்துக்கு ஆதாரம் ஆகாது என்றும் சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

மனுப் போட்டால் விசாரணை அன்றே நடக்கலாம். தள்ளிப்போனாலும் கெடு உண்டு: பெரிய ஃபெலனிகளுக்கு 48 மணி நேரம், கிளாஸ் 4 ஃபெலனிக்கும் சிறுகுற்றங்களுக்கும் 24 மணி நேரம். வழக்கமாக அரசுத் தரப்பு மூன்றை நிரூபிக்க வேண்டும். பட்டியலில் உள்ள குற்றத்தை இவர் செய்ததற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. இவரால் ஒருவருக்கோ பலருக்கோ உண்மையான, இப்போதைய ஆபத்து இருக்கிறது. எந்த நிபந்தனை போட்டாலும் அந்த ஆபத்தைத் தணிக்க முடியாது. மூன்றையும் 'தெளிவான, நம்பத்தகுந்த சான்று' என்ற அளவில் காட்ட வேண்டும். ஒன்று விழுந்தாலும் விடுதலைதான்.

காகிதத்தில் இது உறுதியான சுவர். நடைமுறையில் அது விரிசல் விடும் இடம் மூன்றாவது பகுதி. இந்த விசாரணையில் சாட்சிய விதிகள் முழுமையாகப் பொருந்தாது. போலீஸ் அறிக்கையின் சாரத்தை அரசு வக்கீல் வாசித்தாலே போதும். முதல் இரண்டுக்கும் அது பெரும்பாலும் போதுமானதாகிவிடுகிறது. மூன்றாவதற்கு, 'இருக்கும் இடத்தைக் காட்டும் கணுக்கால் பட்டை போட்டாலும் வீட்டுக்குள் இருந்தே செய்யலாம்' என்பது போன்ற பொது வாதத்தை வைத்து முடித்துவிடுகிறார்கள். அது இந்த ஆளைப் பற்றிய சான்றே இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். எதிர்த்தரப்பு, அதாவது கைதானவரின் வக்கீல், அங்கேயே எழுந்து 'இந்தக் குறிப்பிட்ட நிபந்தனை ஏன் போதாது?' என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மேல்முறையீட்டிலும் பேச ஒன்றும் இருக்காது. 2024 ஏப்ரல் 15 முதல், மேல்முறையீட்டுக்கு முன் அதே கோர்ட்டில் எழுத்துமூலம் நிவாரண மனுப் போட வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றத்தின் விதி 604(எச்) மாறியிருக்கிறது. அந்த மனுவில் எழுதாத காரணம் மேலே போகாது.

குடும்பத்தார் இந்த 48 மணி நேரத்தில் செய்யக்கூடியது அழுவதைத் தவிர ஒன்றுமில்லை என்று நினைக்கிறார்கள். நிறையவே இருக்கிறது. விட்டால் எங்கே தங்குவார் என்ற முகவரி, அதுவும் புகார் கொடுத்தவர் வீடாக இல்லாமல் வேறு முகவரி. அந்த வீட்டுக்காரர் சம்மதம். வேலையிடத்துக் கடிதம் அல்லது சம்பளச் சீட்டு. தினமும் சாப்பிடும் மருந்துகளின் பெயரும் அளவும். வீட்டில் அவரை நம்பி இருப்பவர்கள் யார் என்ற விவரம். இவற்றைப் பப்ளிக் டிஃபெண்டரின் கையில் விசாரணைக்கு முன்பே சேர்த்துவிட வேண்டும். இலவச வக்கீல்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். இந்த விசாரணையை அவர்கள் அளவுக்குத் தினமும் செய்பவர்கள் வேறு யாரும் இல்லை. அவர்களுக்குக் குறைவது நேரம்தான். அவர்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய மாற்று முகவரியை நீங்களே எழுதிக் கொடுத்தால் அந்த நேரம் வாதத்துக்கு மிஞ்சும்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம் போதாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் தருவது கோர்ட்டின் கடமை. தமிழுக்கு ஆள் நேரில் கிடைக்காமல் போனில் வருவது உண்டு. ஆபத்து எங்கே என்றால், நம்மவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுகிறார்கள். நீதிபதி நிபந்தனைகளைப் படித்து 'புரிந்ததா?' என்று கேட்க, பாதிகூடப் புரியாத பெரியவர் 'யெஸ், யெஸ்' என்று சொல்ல, அது பதிவாகிறது. பிறகு 'தெரியாமல் மீறிவிட்டேன்' என்று சொல்ல அந்த 'யெஸ்' இடம் தருவதில்லை. புரியவில்லை என்றால் 'புரியலங்க' என்று தமிழிலேயே சொல்லி நிற்க வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மகனோ மருமகளோ பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பதும் நல்லதல்ல. அவர்களே நாளைக்குச் சாட்சியாகலாம்.

நிபந்தனைகள்

எல்லோருக்கும் பொதுவான நிபந்தனைகள் கொஞ்சம்தான்: எல்லா வாய்தாவுக்கும் ஆஜராக வேண்டும், கோர்ட் உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும், புதிதாகக் குற்றம் செய்யக் கூடாது. முகவரி மாறினால் 24 மணி நேரத்துக்குள் கோர்ட் கிளார்க்கிடம் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். இதைத்தான் வாடகை வீடு மாறுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். சம்மன் பழைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு மேல் போடும் ஒவ்வொரு நிபந்தனையும் அந்த ஆளுக்கென்று யோசித்ததாக, நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மிகக் குறைந்த கட்டுப்பாடாக இருக்க வேண்டும். சமூக சேவை வேலை, நஷ்டஈடு போன்ற தண்டனை வகையறாவை விசாரணைக்கு முன்பே சுமத்தக் கூடாது. சிகிச்சை, ஆலோசனை வகுப்பு போன்றவற்றையும் அந்த ஆபத்தோடு நேரடித் தொடர்பு இருந்தால்தான் கட்டாயமாக்கலாம். ஆனால் அச்சடித்த படிவத்தில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும்போது பேனா எல்லாவற்றிலும் டிக் போட்டுவிடும். குடியோடு சம்பந்தமே இல்லாத வழக்கில் மதுப் பரிசோதனை, மாநிலத்தை விட்டே போகாதவருக்கு வாரம் ஒருமுறை நேரில் வந்து கையெழுத்து, இப்படி. 'இந்த நிபந்தனை எந்த ஆபத்துக்காக?' என்று வக்கீல் கேட்டாலே ஒன்றிரண்டு உதிர்ந்துவிடும். மாநிலத்தை விட்டு வெளியேறக் கூடாது என்பதும் இப்போது தானாக ஒட்டிக்கொள்ளும் நிபந்தனை இல்லை. தனியாகப் போட்டால்தான் உண்டு. போட்டிருந்தால், இந்தியானாவில் வேலைக்குப் போய் வருபவர் அன்றைக்கே அனுமதியை உத்தரவில் எழுதி வாங்கிவிட வேண்டும். வாய்ச்சொல்லாகக் கிடைத்த அனுமதியை நெடுஞ்சாலையில் நிறுத்தும் போலீஸ்காரரிடம் காட்ட முடியாது.

குடும்பத்தாரோ கூட வசிப்பவரோ பாதிக்கப்பட்ட வழக்கில் 72 மணி நேர விதி வருகிறது. விடுதலையானதிலிருந்து குறைந்தது 72 மணி நேரம் அவரைத் தொடர்புகொள்ளக் கூடாது, அவர் வசிக்கும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. அடி வாங்கியவர் மூச்சு விடவும், பாதுகாப்பு உத்தரவு கேட்கவும், போக இடம் தேடவும் இந்த மூன்று நாள் வேண்டும். இந்த விதியை நாங்கள் மனதார ஆதரிக்கிறோம். ஆனால் அதை மீறிச் சிக்குபவர்கள் பெரும்பாலும் மீறுகிறோம் என்று தெரியாமலே சிக்குகிறார்கள். மனைவியே போன் செய்து 'குழந்தை அழுவுது, வீட்டுக்கு வாங்க' என்பார். இவர் எடுத்துப் பேசுவார். உத்தரவு கட்டுப்படுத்துவது கணவரைத்தான், மனைவியை அல்ல. மனைவி கூப்பிட்டதால் கணவர் பேசியது சரியாகிவிடாது. குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடும் ஒரு 'சாரி'யும் தொடர்புதான். மைத்துனர் மூலம் சொல்லி அனுப்புவதும் பல உத்தரவுகளில் தொடர்புதான். பாஸ்போர்ட், மருந்து, லேப்டாப் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தால், போலீஸ் துணையோடு ஒருமுறை போய் எடுக்க முதல் விசாரணையிலேயே கோர்ட்டிடம் அனுமதி கேட்க வேண்டும். 72 என்பது குறைந்தபட்சம். தொடர்புத் தடையை வழக்கு முடியும்வரை நீட்டவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. முடிந்தது என்று தானாகக் கணக்குப் போடாமல் உத்தரவில் கடைசித் தேதி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கணுக்கால் பட்டை

இந்தச் சேவையின் பலவீனமான பகுதி இதுதான். பண ஜாமீன் போனதும் அந்த இடத்தில் இந்தப் பட்டை வந்து உட்கார்ந்துகொள்ளக் கூடாது என்று சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான், இதைவிடக் குறைந்த எந்த நிபந்தனையும் போதாது என்று கண்டால் மட்டுமே மின்னணுக் கண்காணிப்பு போடலாம் என்றும், குறைந்தது 60 நாளுக்கு ஒருமுறை அது இன்னும் தேவையா என்று கோர்ட் முடிவு செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

அந்த 60 நாள்தான் நழுவுகிறது. கைது விசாரணைக்கு 48 மணி நேரக் கெடு என்றால் கோர்ட் முழுக்க அதற்காக ஓடும். 60 நாள் மறுபரிசீலனைக்கு அப்படி யாரும் ஓடுவதில்லை. அடுத்த வாய்தா 75-வது நாளில் விழுந்தால், 'பட்டை விஷயம் அன்றைக்குப் பார்க்கலாம்' என்று போய்விடும். செய்ய வேண்டியது எளிது. பட்டை கட்டிய தேதியிலிருந்து 60, 120, 180 என்று எண்ணி வழக்குக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வாரம் முன்பே வக்கீலுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். இதுவரை மீறல் இல்லை, எல்லா வாய்தாவுக்கும் வந்திருக்கிறார், வேலை இருக்கிறது என்ற மூன்று வரிகள் மனுவில் இருந்தால் பேச அடிப்படை கிடைக்கும்.

பட்டையோடு வாழ்வது எப்படி என்று பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் பட்டைக்குத் தினமும் சார்ஜ் போட வேண்டும். கழற்ற முடியாது, ஆகவே கால் சுவரோடு கட்டிய மாதிரி ப்ளக் பாயின்ட் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தூங்கும்போது போடலாம் என்று நினைப்பார்கள். புரண்டு படுக்கும்போது ஒயர் பிடுங்கிக்கொள்ளும், காலையில் பேட்டரி தீர்ந்து எச்சரிக்கை போயிருக்கும். சாப்பிடும் நேரம், டிவி பார்க்கும் நேரம் என்று விழித்திருக்கும் நேரம் ஒன்றைத் தினமும் மாறாமல் வைத்துக்கொள்வதே வழி. பேஸ்மென்ட் வீட்டிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் சிக்னல் தள்ளாடும். வீட்டுக்குள்ளேயே படுத்திருப்பவரைத் தெருவில் நிற்பதாகக் காட்டும். அப்படி எச்சரிக்கை வந்ததும் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போன் செய்து, பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும். போனில் தேதி நேரத்தோடு வீட்டுக்குள் எடுத்த ஒரு போட்டோ பின்னால் பெரிய உதவி. சிகாகோ இருக்கும் குக் கவுன்டியில் 2025 ஏப்ரல் 1 முதல் பட்டைக் கண்காணிப்புக்குப் புதியவர்களை ஷெரிஃப் (கவுன்டி காவல் தலைவர்) அலுவலகம் ஏற்பதில்லை. தலைமை நீதிபதி அலுவலகத்தின் திட்டமே பொறுப்பு. பழைய தாளில் இருக்கும் நம்பருக்கு அடித்துவிட்டு 'சொல்லியாச்சு' என்று இருக்கக் கூடாது.

வீட்டுக் காவலில் இருப்பவருக்கு மளிகை வாங்க, துணி துவைக்க, மருத்துவரைப் பார்க்க என்று வாரத்தில் குறைந்தது 2 நாளாவது வெளியே போக நேரம் தர வேண்டும். இதுவும் உரிமை, யாரும் மனமிரங்கிக் கொடுப்பது அல்ல. இன்னொன்று பலருக்குத் தெரியவே தெரியாது: பின்னால் சிறைத் தண்டனை வந்தால் வீட்டுக் காவலில் கழித்த நாட்களைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் 12 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே போக விடாத ஊரடங்கு நிபந்தனையும் இந்தக் கணக்கில் சேரும். இரவு 7 முதல் காலை 7 வரை வீட்டில் இரு என்ற உத்தரவு 12 மணி நேரம். 8 முதல் 7 வரை என்றால் 11. ஒரு மணி நேர வித்தியாசத்தில் ஒருவருக்கு நூறு நாள் கழிவு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். உத்தரவு எழுதும்போதே வக்கீல் இதைக் கவனிக்க வேண்டும்.

நிபந்தனை மீறினால் உடனே உள்ளே என்று பயப்பட வேண்டாம். புதிதாக ஃபெலனியோ கிளாஸ் ஏ குற்றமோ செய்ததாக வழக்கு வந்தால்தான் விடுதலையையே ரத்து செய்யும் பேச்சு. மற்ற மீறல்களுக்கு எச்சரிக்கை, நிபந்தனை மாற்றம், அதிகபட்சம் 30 நாள் கவுன்டி சிறை. அதற்கும், உத்தரவை மீறுகிறோம் என்று தெரிந்தே, வேண்டுமென்றே மீறினார், பணவசதி இல்லாததால் நேர்ந்ததல்ல என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். கார் ரிப்பேராகி, டாக்ஸிக்குக் காசில்லாமல் வாய்தாவுக்கு வராதவர் அந்த ரிப்பேர் ரசீதை எடுத்து வைத்திருந்தால் அதுவே அவர் பக்கச் சான்று. வாய்தாவைத் தவறவிட்டவரை நீதிபதி வாரண்டுக்குப் பதில் சம்மன் அனுப்பியும் வரவழைக்கலாம். அந்தச் சம்மனுக்கு ஒழுங்காக ஆஜராகிவிட்டால், அந்த ஒருமுறை வராததைப் பிற்பாடு அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உள்ளேயே வைக்கப்பட்டவருக்கு

காவல் உத்தரவு வந்தவருக்கு 90 நாளுக்குள் வழக்கு விசாரணை தொடங்க வேண்டும். ஒவ்வொரு வாய்தாவிலும், காவல் இன்னும் தேவைதானா என்று நீதிபதி முடிவு சொல்ல வேண்டும். இரண்டும் நல்ல விதிகள். ஆனால் எதிர்த்தரப்பு கேட்கும் ஒவ்வொரு வாய்தாவும் அந்த 90 நாளில் சேராது. வீடியோ ஆதாரம் வரவில்லை, ஆய்வக அறிக்கை வரவில்லை என்று அரசுத் தரப்பு சொல்ல, 'சரி, இருவர் சம்மதத்தோடு தள்ளி வைப்போம்' என்று எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டால் கடிகாரம் நிற்பது கைதிக்குத்தான். தயாராக இல்லாதது அரசுத் தரப்பு என்றால் அதை அப்படியே பதிவு செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். நிலைமை மாறினால், உதாரணமாகப் புதிய தங்குமிடம் கிடைத்தாலோ முக்கிய ஆதாரம் பலவீனமானாலோ, அடுத்த வாய்தாவிலேயே அதைச் சொல்லி விடுதலை கேட்கலாம். தானாக யாரும் கேட்க மாட்டார்கள்.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு இந்தச் சேவை பாதி வழிதான் துணை வருகிறது. மாநில நீதிபதி விடுவித்தாலும் குடியேற்றத் துறை தனியாகக் காவலில் எடுக்கலாம். அங்கே பண ஜாமீன் இன்னும் உண்டு, குறைந்தபட்சம் 1,500 டாலர். 2025 ஜனவரி 29-ல் கையெழுத்தான லேக்கன் ரைலி சட்டம், முறையான அனுமதியின்றி நாட்டில் இருப்பவர் கடைத் திருட்டுக்குக் கைதானாலே குடியேற்றக் காவலைக் கட்டாயமாக்குகிறது. விசாவில் இருப்பவர் குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால், தண்டனை வரும் முன்பே விசா ரத்தாகலாம். ஆகவே சீக்கிரம் முடித்துவிடலாம் என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன், குடியேற்ற விளைவு என்ன என்று வக்கீலிடம் கேட்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-ல் 'படில்லா' வழக்கில் தீர்த்துவிட்டது. வெளிநாட்டவர் கைதானால் தூதரகத்துக்குத் தெரிவிக்கக் கேட்கும் உரிமையும் உண்டு.

மாநில எல்லையைத் தாண்டினால் இவை எதுவும் கூட வராது. விஸ்கான்சினில் பண ஜாமீன் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அரசியல் சாசனத்தைத் திருத்தி, தொகையை முடிவு செய்யும்போது பழைய வன்முறைத் தண்டனைகளையும் நீதிபதி பார்க்கலாம் என்று ஆக்கினார்கள். இந்தியானாவில் ஜாமீன் வியாபாரிகள் கடை வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கட்டும் கட்டணம் வழக்கில் ஜெயித்தாலும் திரும்ப வராது. சிகாகோவிலிருந்து இந்தியானாவின் ஹேமண்ட் நகருக்கு அரை மணி நேரப் பயணம். அங்கே கைதாகிப் பணம் வேண்டும் என்று போன் வந்தால் அது உண்மையாகவும் இருக்கலாம். போனை வைத்துவிட்டு, அந்தக் கவுன்டியின் சொந்த இணையதளத்தில் சிறையின் நம்பரைத் தேடி நீங்களே அடித்து, பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லிக் கேளுங்கள். தொகை எவ்வளவு, நேரே கோர்ட் கிளார்க்கிடம் கட்டலாமா, கட்டினால் எவ்வளவு திரும்பும் என்பதையும் அதே போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.